காலையில் என்ன விழுங்கினீர்கள்?

யோக் மூய் அக்கா பென்சிலைச் சீவிக்கொண்டே எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார். "என்ன நோய்?" என்று அவர் யாரிடமும் கேட்பதில்லை. "காலையில எழுந்ததும் என்ன விழுங்குனீங்க?" அதுதான் முதல் கேள்வி.

ஷாங்காய்க்கு வேலைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுப்பது எங்கள் அலுவலகத்தின் தொழில். அக்காவும் வெளிநாட்டுக்காரர்தான், ஈப்போவில் பிறந்த சீனர். வயது ஐம்பத்து நான்கு. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது; காலாவதியான காப்பீட்டு விதிப் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் பாதம் வைத்திருப்பார். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் சேர்த்து இங்கே 'மூன்று உயர்வு' என்பார்கள். "எனக்கு மூணு உசரமும் இருக்கு, ஆளுதான் உசரமில்ல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சென்ற வாரம் யெப்பே வந்தார். டென்மார்க்காரர், கப்பல் பட்டறைப் பொறியாளர். படிவத்தில் நோய் பற்றிய எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று குறித்துக் கொண்டுவந்திருந்தார்.

"காலையில என்ன விழுங்குனீங்க?"

"ரொட்டி, காப்பி, ஒரு சின்ன வெள்ளை மாத்திரை."

"அது எதுக்கு?"

"பிரஷருக்கு. ஆனா எனக்குப் பிரஷரே இல்லீங்க! மாத்திரை போட்டா சரியா இருக்கு."

"போடாம இருந்து பாத்தீங்களா?"

யெப்பே கூரையைப் பார்த்தார். "ஆமான்னு போட்டா, இருதயத்தைக் கழிச்சுட்டு மிச்ச ஆளுக்குத்தான கம்பெனிக்காரன் காப்பீடு தருவான்?"

"கழிச்சாலும் கழிப்பான். கூடக் கட்டச் சொல்லிச் சேத்துக்கிட்டாலும் சேத்துக்குவான். இல்லைன்னு போட்டுட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்தீங்கன்னா, பழைய டாக்டர் சீட்டையெல்லாம் தோண்டி எடுத்து முழு ஆளையும் கழிச்சுடுவான்."

மாத்திரை அட்டையை வாங்கிப் படிவத்தின் மேல் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினார். முதலில் பென்சில். யெப்பே பெருமூச்சோடு தலையாட்டிய பிறகு, அதன் மேல் மை.

எங்கள் குடும்பத்தில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, அலுவலகத்தில் படிவம் சேகரிக்கும் வேலை என் தலையில்தான் விழும். இந்த மாதம் அலுவலக ஊழியர்களான எங்கள் காப்பீடே வேறு நிறுவனத்துக்கு மாறுகிறது. எல்லோரும் புதிதாக எழுதித் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணில் போடும் ஊசி வரை, அக்காவின் சர்க்கரைக்கான செலவைப் பழைய நிறுவனம் ஏற்றுக்கொண்டது. புதியவர்கள் ஏற்பார்களா என்பது தெரியாது.

பதினொரு படிவம் வந்துவிட்டது. அக்காவுடையது மட்டும் ஐந்து நாளாக வரவில்லை.

"பென்சில் முனை ஒடிஞ்சுபோச்சுடா" என்றார். குவளையில் ஏழு பென்சில் நின்றன.

வெள்ளிக்கிழமை அவர் மேசையில் படிவம் திறந்து கிடந்தது. சர்க்கரைக் கட்டத்தில், 'இல்லை'க்குப் பக்கத்தில், மெல்லியதாக ஒரு பென்சில் கோடு. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"மாத்திரை போட்டா எனக்கும் சரியாத்தானடா இருக்கு."

வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன். "அக்கா, காலையில என்ன விழுங்குனீங்க?"

"வாயைப் பாரு இவனுக்கு" என்றார். சிரிக்கவில்லை. ரப்பரை எடுத்துக் கோட்டை அழித்தார், தூளை ஊதினார். கைப்பையிலிருந்து நான்கு மாத்திரை அட்டைகளை எடுத்துப் படிவத்தின் மேல் வரிசையாக வைத்தார். பிறகு, பென்சிலைத் தொடாமல், பேனாவின் மூடியைக் கழற்றினார்.