ழவுக்கு ஒரு வால்

தங்கை உறைகளின் வாயில் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகையை மடித்து உறைக்குள் வைத்துத் தருவது அண்ணனின் வேலை. இருநூறு முடிந்திருந்தது, இன்னும் நூறு பாக்கி.

முப்பது வருடமாக ஒரே அச்சகத்தில் வடிவமைப்பாளர் அவர். வீட்டில் அவருக்குத் 'தபால்பெட்டி' என்று பெயர். காதில் போட்டது எதுவும் வாய்வழியாக வெளியே வராது என்பதால் சின்ன வயதிலேயே வைத்தது. ஆயுசில் அவர் செய்த பெரிய காரியம் ஓர் எழுத்துரு. கொடிபோல் வளைந்தோடும் எழுத்து. நாலு வரி சேர்ந்தாற்போல் படிக்க ஆகாது. தலைப்புக்குப் போட்டால் கண்ணைப் பறிக்கும். நகைக்கடைப் பலகை, கேக் பெட்டி என்று எங்கும் அதுதான். இப்போது தங்கை மகளின் பத்திரிகையிலும். வேண்டாம் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"சொந்த மாமா ஃபான்ட் இருக்கும்போது வேற எதுலயாவது அடிச்சா ஊரே சிரிக்கும்" என்று மருமகள் ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள்.

"அண்ணா, இந்த 'ழ'வுக்கு ஏன் இவ்ளோ நீள வாலு?" தங்கை பத்திரிகையைக் கண்ணருகே பிடித்திருந்தாள்.

"அழகுக்குத்தான்."

"குரங்குக்குக்கூட இவ்ளோ நீளம் கிடையாது மாமா" என்று சிரித்த மருமகள், போன் அடிக்கவும் எழுந்து வெளியே போனாள்.

"கடைப் பலகையில பார்க்கும்போதெல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். அதுக்குள்ள பஸ் ஓடிடும்" என்றாள் தங்கை. "எதைப் பார்த்து வரைஞ்சே?"

"சும்மா… மனசுல தோணினது."

அந்த எழுத்துருவுக்குப் பரிசு வாங்கிய மேடையிலும் இதே பொய்யைத்தான் சொன்னார். அங்கே கைதட்டினார்கள்.

தன் கல்யாணத்துக்கு முன்னால் தங்கை அவரிடம் ஆறு கடிதங்கள் கொடுத்திருந்தாள், அவருடைய அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவனிடம் சேர்க்கச் சொல்லி. குடும்ப மானம் என்று நினைத்து ஆறையும் அவர் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினார். பதில் வரும் வரும் என்று ஒரு வருடம் காத்திருந்துவிட்டு, வீட்டில் பார்த்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினாள். பத்து வருடம் கழித்து ஒருநாள் அவர் அவற்றைப் பிரித்தார். ஒவ்வொரு 'ழ'வின் வாலும் பின்னால் வளைந்து, முன்னெழுத்துகளை மடியில் ஏந்தியிருந்தது. அன்றைக்கே எரித்திருக்கலாம். எழுத்து அத்தனை அழகாக இருந்தது, மனம் வரவில்லை.

"நோட்டுல, கோலத்துல, எதுலயும் நான் 'ழ'வை இப்படிப் போட்டதில்லண்ணா. அந்த ஆறு லெட்டர்ல மட்டும்தான்." குரலை அவள் உயர்த்தவில்லை. "ஆறையும் நல்லா ஒட்டித்தான் உன் கையில கொடுத்தேன்."

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. மடிப்பு கோணலாக விழுந்தது.

"ஒண்ணாவது அவர் கைக்குப் போச்சா?"

அவர் கோணல் மடிப்பைப் பிரித்து மறுபடி மடித்தார். அவள் காத்திருந்தாள். கையிலிருந்த உறையில் தடவிய பசை காய்ந்துபோயிற்று. மூடாத அந்த உறையை அவர் முன்னால் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்து எழுந்து வெளியே போனாள்.