தீவுக்கும் தீவுக்கும் அரை மணி நேரம்

என் தம்பி மாலத்தீவில் ஒரு குட்டித் தீவில், ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தான். நான் சுங்குவார்சத்திரத்தில் வாடகை அறையில் இருந்துகொண்டு செல்போன் கம்பெனியில் பாகம் பூட்டும் லைனில் நின்றேன். அம்மா என்னோடு இருந்தாள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பிய வரச் சொல்லுட்டி. மொகத்தப் பாத்துட்டுப் போயிருதேன்."

தம்பிக்கு லீவு கிடைத்துவிட்டது. அவன் தீவில் விமானம் ஏறி, பெரிய ஏர்போர்ட் இருக்கும் இன்னொரு தீவில் இறங்கி, அங்கிருந்து சென்னை வரவேண்டும். பக்கத்து அறைப் பெண் தன் போனில் தேடிப் பார்த்தாள். இரண்டு தீவுக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம், எல்லாம் வந்தது. "எக்கா, அரை மணி நேரந்தாங்க்கா!" அட, இவ்வளவுதானா! ஒரகடத்திலிருந்து எங்கள் கம்பெனி பஸ் வந்து சேரவே அதற்கு மேல் ஆகுமே. உடனே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், நாளை மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடுவான் என்று.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. அவன் இன்னும் அந்தத் தீவிலேயே இருக்கிறான். "சின்ன பிளேன்க்கா. சீட்டு பூராத்தையும் டூரிஸ்ட்டுக புடிச்சிட்டாங்க. அடுத்தது ரெண்டு நாள் கழிச்சுத்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடுத்த ஷிப்டுக்கு வண்டி வராதால? நின்னுக்கிட்டாவது வாயேம்ல!" என்று கத்தினேன். எங்களுக்குத் தெரிந்த வண்டி அதுதானே. ஷிப்டுக்கு ஷிப்டு வரும், இடமில்லையென்றால் கம்பியைப் பிடித்து நின்றுகொள்ளலாம். வீட்டுக்கார அம்மாவும் என் கட்சிதான். "அர மணி நேரம் நின்னுகினு வர முடியாதா இன்னா? கையில கால்ல வுழுந்து ஏற சொல்லும்மா."

"பிளேன்ல நிக்க விடமாட்டாங்கக்கா" என்று அவன் அழுதான்.

கடைசியில் பெரிய ஏர்போர்ட் தீவுக்குப் போகும் சரக்குப் படகு ஒன்றில் கெஞ்சி ஏறினான். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "எங்கட்டி வாரான்?" அடுத்த நாள் காலையில் அதே கேள்வியோடு போய்விட்டாள். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் குடித்தனக்காரர் வீட்டுப் பிணத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? சாயங்காலமே எடுத்துவிட்டோம். பாவி, ஒரு நாள் முந்தி வரக்கூடாதா என்று போனில் அவனைத் திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் வந்தான். உப்புக் காற்றில் உதடெல்லாம் வெடித்திருந்தது. பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மா என்னியக் கேட்டாளாக்கா?"

அவன் இருந்த கோலத்தில் எனக்கு உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. "இல்லல. நெனவே இல்ல. தூக்கத்துலயே போயிட்டா."

"ஒரு தடவகூடவா கேக்கல?"

அவன் முகம் செத்துப்போயிற்று. என்னால் தாங்க முடியவில்லை.

"கேட்டா. கேட்டுக்கிட்டேதாம்ல கெடந்தா. பிளேன் ஏறிட்டான், இந்தா வந்துருவான்னேன். 'பைய வரட்டும், அவசரமில்ல'ன்னுட்டுக் கண்ண மூடுனா."