ஓரியன் வேண்டாம் என்றேன்

தொண்ணூறுகளில் துடியலூரில் ஒரு பம்ப்செட் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தேன். புது மோட்டாருக்கு நல்ல பெயராகச் சொல்லும்படி முதலாளி எங்களிடம் கேட்டார். பத்து வருடமாக அங்கே இருந்த நான் எட்டுப் பெயர்கள் சொன்னேன். எட்டையும் தள்ளிவிட்டார். சேர்ந்து மூன்றே மாதமான டைப்பிஸ்ட் சாந்தாமணி ‘ஓரியன்’ என்றாள்.

“வானத்துல நிக்கற வேட்டைக்காரனுங்க. நம்ம மிருகசீரிஷமும் அதுலதானுங்க இருக்குது.”

முதலாளி எல்லோர் முன்பாகவும் அவளைப் பாராட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் லைப்ரரிக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். கிரேக்கர்களின் கதையில் அந்த ஓரியன் தேள் கொட்டிச் செத்தான் என்று இருந்தது. சந்தோஷமாக வந்து முதலாளியிடம் சொன்னேன்.

“அட, தேளு கடிச்சுச் செத்தவனுங்களா? அந்தப் பேரே வேண்டாமுங்க” என்று முகம் சுளித்தார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் சாந்தாமணி என்னிடம் விறுவிறுவென்று வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரொம்ப நன்றிங்கக்கா. மோட்டாரு விக்காமப் போயிருந்தா பழி என் தலையிலதானுங்க விழுந்திருக்கும். நீங்க அக்கறையாத் தேடிப் பாத்துச் சொல்லிப்போட்டீங்க.”

பொறாமையில் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அதுக்கென்ன கண்ணு” என்று மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு அவள் எதையும் என்னைக் கேட்காமல் செய்ததில்லை. அன்றைக்கு அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அந்த நன்றியைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.