குமிழை ஏழுக்குத் திருப்பிய சனிக்கிழமை

ஒரு மாம்பழ ஐஸ்கிறீமுக்காக அடுத்த வீட்டுப் பெண்மணியின் உயிரோடு விளையாடியவன் நான். வழக்கு ஏதும் நடக்கவில்லை. ஆகவே இதை எழுதுவதில் சட்டச் சிக்கல் கிடையாது, வெட்கம் மட்டும்தான்.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, சாமான்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலம் அது. ஓர்ஸ் ஹில்லில் குறுகலான எங்கள் ஒழுங்கைக்கு வந்த முதல் பிரிட்ஜ் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. வந்த கிழமையே அது எங்களுடையதாக இல்லாமற் போயிற்று. ஒரு வீட்டுப் பாரைமீன், இன்னொரு வீட்டுத் தயிர்ச்சட்டி, யாருடையதென்று கடைசிவரை தெரியாத ஒரு மல்லிகைச் சரம் எல்லாம் உள்ளே குடியேறின. யாரும் அனுமதி கேட்பதில்லை. கேட்டால் அந்நியமாகிவிடும். பின்கதவால் வந்து, குசினி வாசலில் ஒருதரம் செருமிவிட்டு, தங்கள் பொருளை எடுத்துக்கொண்டு போவார்கள்.

அப்படிக் குடியேறியவற்றில் ஒன்று, அடுத்த வீட்டு ராத்தாவின் இன்சுலின் குப்பி. அவர்கள் முஸ்லிம் குடும்பம். அவர்கள் பிள்ளைகள் மூத்த சகோதரியை அழைக்கும் முறையில் நாங்களும் அவரை ராத்தா என்றோம். அவருடைய கணவர், கடைத்தெருவில் புடைவைக்கடை வைத்திருந்தவர், அண்ணன் முறையில் எங்களுக்கு நானா. விடியற்காலையில் நானா வந்து செருமுவார். குப்பியை எடுத்துப்போய் ராத்தாவுக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார். முந்திய வருஷம் மருந்து கிடையாமல் ஊசி தவறி, ராத்தாவை நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதை ஒழுங்கையே பார்த்தது. நானும் பார்த்தேன்.

ஐஸ்கிறீம் வந்தது என் வாயால். வீட்டிலேயே பழ ஐஸ்கிறீம் செய்யலாம், அது வெறும் பௌதிகம் என்று வேலைபார்த்த கந்தோரில் அளந்துவிட்டேன். ஆங்கிலச் சஞ்சிகைகள் வாசிப்பவனுக்கு வரும் வியாதி அது. அப்படியானால் சனிக்கிழமை பின்னேரம் வருகிறோம் என்றார்கள் நண்பர்கள்.

சனி காலை, நானா குப்பியை வைத்துவிட்டுப் போனபின், கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களைக் கூழாக்கினேன். டின்பாலும் சீனியும் தாராளமாகச் சேர்த்து அடித்து, அகலத் தட்டில் ஊற்றி ஐஸ் அறைக்குள் தள்ளினேன். மிச்சக் கூழை வைக்கக் கீழ்த்தட்டில் கிடந்தவை இடைஞ்சலாக இருந்தன. சின்னதாக இருந்த குப்பியை மேலே, ஐஸ் அறையின் சுவரோடு ஒட்டிச் செருகினேன். குளிர்க் குமிழில் ஒன்றிலிருந்து ஏழுவரை இலக்கங்கள். ஏழுக்குத் திருப்பினேன்.

அன்று கச்சான் காற்று. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வரும் அந்தக் காய்ந்த காற்று துறைமுகப் பக்கம் போகும் வழியில் எங்கள் தகரங்களை எல்லாம் ஒருகை பார்த்துவிட்டே போகும். நாய்கள் காரணமில்லாமல் எழுந்து, இடம்மாறிப் படுத்தன. குசினிக்குள் பிரிட்ஜ் ஓய்வில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. வழக்கமாக இடையிடையே அடங்கும், அன்று அடங்கவேயில்லை. “இதென்ன, மூச்சு விடாமல் அனுங்குது?” என்று மனைவி இரண்டுதரம் கேட்டாள். பௌதிகம் என்றேன்.

பின்னேரம் திறந்து பார்த்தேன். மாம்பழம் கஞ்சியாகவே கிடந்தது. இன்னும் உள்ளே தள்ளுவோம் என்று கையை விட்டபோது குப்பி விரலில் ஒட்டியது. எடுத்து ஆட்டினேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. வெள்ளையாக, கல்லாக இறுகியிருந்தது.

உறையவிட்டால் அது மருந்தில்லை என்பது எனக்குத் தெரியும். குப்பியோடு வந்த குறிப்புத் துண்டையும் வாசித்தவன் நான், எதையும் வாசிப்பேன். குப்பியைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன். கொஞ்சங் கொஞ்சமாக உருகியது. எப்போதும்போலக் கலங்கலாக, பார்வைக்குப் பழையபடியே ஆகிவிட்டது. அதுதான் பயங்கரம்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார், வித்தியாசம் தெரியவில்லைத்தானே, காலையில் நானா எடுத்தாலும் ஒன்றும் தெரியாது என்று ஏதோ உளறினேன்.

அவள் குப்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “நானாவுக்குத் தெரியாது. ராத்தாவின்ர உடம்புக்குத் தெரியும். இப்பவே போய்ச் சொல்லுங்கோ.”

நானா கதிரையில் இருந்து முழுவதையும் கேட்டார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே திரும்பி, ராத்தா கேட்கிறாரா என்று பார்த்தார்.

“வேற குப்பி இல்ல, தம்பி. விடியிறதுக்குள்ள எடுக்கணும். வாங்க.”

இன்சுலின் வைத்திருந்த ஒரே மருந்துக்கடை பூட்டிக் கிடந்தது. கடைக்காரர் காலை லாஞ்சியில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போய்விட்டார், பூட்டின் திறப்பும் அவரோடு, பின்னேர லாஞ்சியில் வருவார் என்றார் பக்கத்துக் கடைக்காரர். ஆஸ்பத்திரியில் கேட்டோம். வெளியே கொடுப்பதற்கு இனித் திங்கட்கிழமைதான், அதற்குள் மோசமானால் ஆளைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். நானா தலையாட்டினார். போன வருஷம் எப்படிக் கொண்டுவந்தார் என்பது எனக்கு நினைவிருந்தது. அவருக்கு என்னைவிட நன்றாக நினைவிருந்திருக்கும்.

துறைமுகத்தில் லாஞ்சி வந்து கட்டும் பாலத்தில் போய் நின்றோம். குடாவில் வெள்ளை வெள்ளையாகத் திரை எழுந்துகொண்டிருந்தது. லாஞ்சி வரும் நேரம் கடந்தது. கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஒருவர், இந்தக் காத்துக்கு அவங்கள் மூதூரிலேயே கட்டிப்போட்டு நாளைக்குத்தான் வருவாங்கள் என்றார், சந்தைக்கு மீன் வரவில்லை என்பது போல. பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. நானா தோளிலிருந்த சால்வையை விரித்துத் தொழுதார். நானும் ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. எனக்குத் தெரிந்த தேவாரங்களெல்லாம் பரீட்சைக்குப் பாடமாக்கியவை. முதல் வரிக்கு அப்பால் ஒன்றும் வர மறுத்தது.

தொழுது எழுந்தவர் கடலையே பார்த்தபடி, “அவ இரவைக்கு ரெண்டு இடியப்பம் கூடத் திம்பா. மறிச்சா ஏன் எண்டு கேப்பா,” என்றார்.

இருட்டத் தொடங்கியபின் ஒரு வெளிச்சம் மேலும் கீழுமாக வந்தது. லாஞ்சிதான். மருந்துக்கடைக்காரர் வாந்தியெடுத்துக் களைத்து, இருவர் தோளைப் பிடித்து இறங்கினார். அந்த நிலையில் அவரைக் கைத்தாங்கலாகக் கடைவரை நடத்திக்கொண்டு போனோம். குப்பி கிடைத்தது.

நானா அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஒழுங்கை முடக்கில், சரி தம்பி என்றுவிட்டு, நேரே தன் வீட்டுக்குள் போனார்.

வீட்டில், வந்த நண்பர்களுக்கு மனைவி மாம்பழக் கஞ்சியைக் கிளாசில் ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். நன்றாக இருந்ததாம். நான் நித்திரை கொள்ளவில்லை. விடிந்தது, பின்கதவில் செருமல் கேட்கவில்லை. வெயில் ஏறியபின் மதிலுக்கு அப்பால் ராத்தா கோழிகளை ஏசும் குரல் கேட்டது. அத்தனை இனிமையான ஏச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பின்னேரம் ராத்தாவே வந்தார். நானா எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். நான் எழுந்து நின்று, ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பைத் தொடங்கினேன். அவர் கையமர்த்திவிட்டு, ஐஸ்கிறீம் இறுகவில்லையாமே, எவ்வளவு சீனி போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

“அவ்வளவு சீனி போட்டா எப்பிடித் தம்பி இறுகும்?” என்றார் ராத்தா. “என்னட்டக் கேட்டிருக்கலாமே.”