பன்னிரண்டு வயதுச் சுமைதாங்கி

எங்கள் ஊர் ஒரு கோயிற்பற்றைச் சேர்ந்தது. போர்த்துக்கேயர் வந்து மாதா கோயில் ஒன்றைக் கட்டி, சுற்றியிருந்த குறிச்சிகளை எல்லாம் அதன் கீழ் எழுதிவிட்டுப் போனார்கள். பிறகு கோயில் இடிந்தது. அதன் கல்லைக் கிணறு கட்டவும் மாட்டுத் தொட்டி கட்டவும் ஊரார் கொண்டுபோனார்கள். பற்று மட்டும் மிஞ்சியது. சைவக்காரராகிய நாங்கள் காணி உறுதிப் பத்திரங்களில் கோயிற்பற்று என்றே எழுதிவந்தோம். அதில் ஒருவருக்கும் ஒரு சங்கடமும் இருக்கவில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோருக்குப் புதிதாக ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். முன்பு வந்த துரைமாருக்கு வேட்டையிலும் குதிரையிலும் ஆசை. இவருக்குப் பழைய கல்லில் ஆசை. கோயிற்பற்றில் உள்ள பழைய மரம், குளம், மடம், கல், வருகிற பறவை எல்லாவற்றையும் இடாப்பு என்கிற பதிவேட்டில் பதிந்து தரும்படி கடிதம் அனுப்பினார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சட்டம்பியார். எனக்கு இங்கிலீசு தெரியும் என்று ஊர்த் தலைமைக்காரரான விதானையார் கச்சேரியில் சொல்லிவைத்திருந்தார். அப்படித்தான் அந்தச் சனியன் என் தலையில் ஏறியது.

கடிதத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. பொருள் நூறு வருஷத்துக்கு மேற்பட்டதாக இருக்கவேண்டும். கட்டியவர் உயிரோடு இருக்கக் கூடாது.

நானும் விதானையாரும் வீடு வீடாக, வளவு வளவாகப் போனோம். வரி போடத்தான் எழுதுகிறார்கள் என்று ஊரில் கதை பரவியிருந்தது. ஒரு மனிதர் புளியமரத்துக்குக் கீழே நின்றுகொண்டே, “மரமோ? எங்கடை வளவிலை அப்பிடி ஒண்டும் இல்லை, சட்டம்பியார்” என்றார்.

“அப்ப உது என்ன?” என்றேன்.

“உது பக்கத்து வளவுக்காரன்ரை கொப்பு.”

அடிமரம் எங்கள் மூவருக்கும் நடுவில் நின்றது. விதானையார் அதில் சாய்ந்துகொண்டிருந்தார். குளத்தடியில் மாடு குளிப்பாட்டியவரிடம் என்ன பறவை வருகிறது என்று கேட்டேன். “கொக்கு” என்றார். வேறை? “வேறை கொக்கு.” இரண்டு கிழமை அலைந்ததில் இடாப்பில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

பிறகு தெருவை அகலமாக்கப் போகிறார்கள் என்று தெருவேலை ஓவசியர் அளவுச் சங்கிலியோடு வந்தார். சந்தியிலிருந்து வல்வெட்டித்துறைப் பக்கம் போகிற தெரு அது. இரண்டு பக்கமும் வேலி தள்ளவேண்டிவரும், இடாப்பில் உள்ள பொருளை மட்டும் தொடமாட்டோம், அந்த இடத்தில் தெரு மற்றப் பக்கமாக வளைந்து போகும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் வேலி நகர்வது என்றால் சும்மா காரியமா? ஒரு முழக் காணிக்காக அப்பன் தொடங்கிய வழக்கை மகன் முடித்த ஊர் இது. மற்றப் பக்கத்துக்காரனின் காணியில் தெரு வளையும் என்றதும் எல்லாருக்கும் ஞானம் பிறந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூட வாசலில் சனம் நின்றது. நேற்றுவரை மரமே இல்லாதவருக்கு இன்று ஆயிரம் வருஷத்துப் புளி இருந்தது. ஒருவர் அம்மியைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, இராசா காலத்தது என்றார். இன்னொருவர் தன் படலைக் கதவுக்கு முந்நூறு வருஷம் என்றார். அந்தக் கதவில் தேயிலைப் பெட்டியின் எழுத்து இன்னும் அழியவில்லை. நான் எல்லாப் பொய்யையும் இடாப்பில் ஏறவிடாமல் வெட்டினேன். சந்தோஷமாகவே வெட்டினேன். பொய்யைக் கண்டால் எனக்கு உச்சியில் சூடு ஏறும். அது என் பிறவிக் குணம்.

புகையிலைத் தோட்டக்காரரும் வந்தார். என் வளவுக்கு அடுத்த வளவு அவருடையது. ஆறு வருஷமாக எங்களுக்குள் கதை பேச்சில்லை. ஒவ்வொரு வருஷமும் வேலி அடைக்கும்போது அவர் நடுகிற கதியால்கள் என் பக்கம் நாலு விரல் நடந்து வரும். நான் கேட்டேன். அவர் சொன்னார். அதோடு நின்றது. ஆகவே என் முன்னால் நின்றுகொண்டு விதானையாரைப் பார்த்துப் பேசினார்.

“விதானையார், என்ரை தோட்டத்துக் கிணறு இராசா காலத்துக் கிணறு எண்டு சட்டம்பியாரிட்டைச் சொல்லுங்கோ.”

“விதானையார், அந்தக் கிணறு வெட்டித் தண்ணி கண்ட அண்டு பொங்கின பொங்கலை நானும் திண்டனான் எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ” என்றேன்.

விதானையார் மடியில் வெற்றிலையைத் தேடினார். தோட்டக்காரர் சால்வையை உதறிவிட்டுப் போனார்.

இனி என் பங்கைச் சொல்லவேண்டும். அந்தத் தெருவில் ஒரு சுமைதாங்கி நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு, தோளுயரத்தில் மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருக்கும். தலையில் பாரம் கொண்டுவருகிறவர்கள் மற்றவர் உதவியில்லாமல் இறக்கவும், திரும்ப ஏற்றவும் அது வசதி. வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் செத்துப்போனால் அவளுக்காக ஒரு சுமைதாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் இறக்காமல் கொண்டுபோன பாரம், வழியில் போகிறவர்கள் இறக்க இறக்கக் குறையும் என்பார்கள். இந்தக் கல் என் மனைவிக்காக நான் வைத்தது. அவளுக்கு ஒன்பதாம் மாதம். தோட்டக்காரரின் மாட்டு வண்டிலில்தான் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நல்ல வெயில். அவருடைய தோட்டத்துக்கு நேரே வந்தபோது அவள் முனகல் நின்றது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டிலைத் திருப்பினார். அந்த இடத்தில் கல்லை வைத்து, மேல் கல்லில் அவள் பெயரையும் வருஷத்தையும் வெட்டுவித்தேன்.

கல்லுக்கு வயது பன்னிரண்டு. கட்டியவன் உயிரோடு இருந்தான். அவன்தான் இடாப்பு எழுதிக்கொண்டிருந்தான்.

விதானையார் ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தார். “சட்டம்பியார், உங்கடை கல்லையும் எழுதுங்கோ. எழுதாட்டி உடைச்சுப்போட்டுப் போவாங்கள்.”

“அதுக்குப் பன்னிரண்டு வருஷம்.”

“கல்லுக்கு ஆர் சாதகம் எழுதினது? நூறு எண்டு போடுங்கோவன்.”

“விசர்க்கதை கதையாதையும்! அம்மி கொண்டுவந்தவனைத் துரத்தின கையாலை நான் உதை எழுதுறதோ?”

“அம்மியும் உதும் ஒண்டோ, காணும்?” என்றார் விதானையார். பிறகு கோப்பி குடித்துவிட்டு எழுந்து போனார்.

ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். அன்று படுக்கவும் மனமில்லை, உண்ணவும் மனமில்லை. கல்லை உடைத்தால் அவளை இரண்டாம் தரம் சாகக் கொடுத்த மாதிரி என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே அடுத்த நாள் இடாப்பைச் சுத்தமாகப் பிரதி எடுத்தேன். சுமைதாங்கியை எழுதவில்லை. என்னைப் பற்றி எனக்கு அப்போது இருந்த மதிப்பை நினைத்தால் இப்போது பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

துரை பார்வையிட வந்தார். காரில் அவருக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார். இடாப்பில் ஏறியிருந்த ஒரு புளியமரத்தைப் பார்த்தோம். குளத்தைப் பார்த்தோம். குளத்தில் கொக்கு நின்றது. நான் எத்தனை பொய்களை வெட்டினேன் என்று விதானையார் சொல்லியிருக்கவேண்டும். துரை என் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்தப் பற்றில் நம்பக்கூடிய ஆள் நீர் ஒருவர்தான் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

திரும்பும்போது சுமைதாங்கியடியில் தோட்டக்காரர் தெருவின் நடுவே நின்றார். பின்னால் ஏழெட்டுப் பேர். நான் வெட்டிவிட்ட ஆட்கள்தான். கார் நின்றது. சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தோட்டக்காரர் துரையைக் கும்பிட்டார். பிறகு ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். நடுவில் பேசுவதற்கு வேறு ஆள் இல்லை. மொழிபெயர்ப்பவன் நான்தான்.

“இடாப்பிலை ஒண்டு விடுபட்டுப் போச்சு எண்டு துரையிட்டைச் சொல்லும்.”

துரை இறங்கினார். நானும் இறங்கினேன். கல்லைப் பார்த்தேன். மேல் கல்லில் எழுத்து இருந்த இடத்தில் எழுத்து இல்லை. சுண்ணாம்பையும் சாணியையும் குழைத்து அப்பி, மேலே புகைக்கரியும் மண்ணும் தேய்த்து, எங்கிருந்தோ பாசியும் கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். நன்றாகத்தான் செய்திருந்தார்கள். எனக்கே பழங்கல் மாதிரித் தெரிந்தது. தோட்டக்காரரின் நகக்கண்ணில் சுண்ணாம்பு இருந்தது.

எவ்வளவு காலத்துக் கல் என்று துரை கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“எங்கடை அப்புவின்ரை அப்பு உதிலைதான் புகையிலைச் சிப்பம் இறக்கினவராம்” என்றார் தோட்டக்காரர்.

“நூறு காணாது, இருநூறு சொல்லுங்கோ” என்றார் அம்மிக்காரர்.

“முந்நூறு” என்றார் படலைக்காரர்.

வழக்குக்குச் சாட்சி சொல்லிப் பழகிய சனம். ஒருவருக்கும் கண் இமைக்கவில்லை. துரை காத்துக்கொண்டு நின்றார். தெருவுக்கு அந்தப் பக்கம் தோட்டக்காரரின் புகையிலை நின்றது. கல் நின்றால் தெரு அவருடைய காணிக்குள் வளையும். இரண்டு வரிசை புகையிலையும் வேலியும் போகும். நாலு விரலுக்காக ஆறு வருஷம் கதையாமல் இருந்த மனிதன்! எனக்கு அவர்மேல் அப்படிக் கோபம் வந்தது. ஆரைக் கேட்டு அவள் பெயரில் சாணி பூசினாய் என்று கத்தவேண்டும்போலவும் இருந்தது, அவர் காலில் விழவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. நூற்றைம்பது என்று இங்கிலீசில் சொன்னேன்.

“இவர்கள் சொல்வது இருக்கட்டும். நீர் என்ன நினைக்கிறீர்?” என்று கேட்டார் துரை.

“பழசுதான்” என்றேன்.

நான் சொன்னதால் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. காரின் மூடியில் இடாப்பை வைத்து அங்கேயே எழுதச் சொன்னார். யார் கட்டியது என்று கேட்டார். தெரியவில்லை என்று எழுதினேன். யாருக்காக என்று கேட்டார். தெரியவில்லை என்று எழுதினேன். எழுத்து நேராகத்தான் வந்தது.

தெரு வளைந்தது. தோட்டக்காரரின் வேலி உள்ளே போனது. அந்த வருஷம் எங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள வேலியை அடைக்கும்போது அவருடைய கதியால்கள் வழக்கம்போல நாலு விரல் என் பக்கம் வந்தன. நான் கேட்கவில்லை.

கச்சேரியிலிருந்து பலகை வந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட புராதனச் சுமைதாங்கி, இதைச் சுரண்டினாலோ சேதப்படுத்தினாலோ தண்டனை உண்டு என்று இங்கிலீசிலும் தமிழிலும் எழுதியிருந்தது. தமிழ் என்னுடையது. சாணி மழையில் கரைந்துவிடும் என்று இரண்டு மாரி பார்த்தேன். தோட்டக்காரர் சுண்ணாம்பை நன்றாகச் சேர்த்திருந்தார். அது கல்லோடு கல்லாகிவிட்டது. ஒருநாள் கத்தியைக் கொண்டுபோனேன். பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தேன்.

நாலைந்து வருஷம் கழித்து, கடற்கரைப் பக்கமிருந்து மீன் கொண்டுவருகிற ஒரு பெண் அதில் கடகத்தை இறக்கிவிட்டு நின்றாள். ஊருக்குப் புதிய ஆள். நான் பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியால் வந்துகொண்டிருந்தேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு கல்லைத் தடவினாள்.

“ஆர் பெத்த பிள்ளைக்கு வைச்சதோ ஐயா, பாவம். பேர்கூடத் தெரியாதாமே.”

என் மனைவி உயிரோடு இருந்தபோது நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் “இஞ்சேரும்” என்போம், அவ்வளவுதான். அன்று என்னவோ, அந்தப் பெண்ணுக்குப் பெயரைச் சொன்னேன்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“என்ரை மனிசி” என்றேன்.

அவள் பலகையைப் பார்த்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரோ அவளுக்கு வாசித்துச் சொல்லியிருக்கவேண்டும். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஓம் ஐயா, ஓம்” என்று, புத்தி பேதலித்த விசரனுக்குச் சொல்வதுபோலப் பதமாகச் சொல்லிக்கொண்டு கடகத்தைத் தலையில் ஏற்றினாள். விறுவிறென்று நடந்தாள். வளைவில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள், நான் பின்னால் வருகிறேனோ என்று.