பொன்னுருக்கிய மாப்பிள்ளையோடு பேய்ப்பட மாளிகைக்கு

போன வைகாசியில் என் அக்கா மகள் பிரவீணாவுக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் இந்தப் பயணம் போனது அதற்கு முந்திய வியாழக்கிழமை. கல்யாண வீட்டில் தலைக்கு மேல் வேலை கிடக்க, பேய்ப்படம் எடுத்த இடம் பார்க்க எவளாவது புறப்படுவாளா என்று கேட்பீர்கள். அன்று பின்னேரம் நானும் என்னை அதையேதான் கேட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை ஆரூரன் டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவன். மருமகனை அவன் இவன் என்று எழுதாதே என்று அக்கா சண்டைக்கு வருவாள். வரட்டும், எனக்கு அவன் இருபத்தொன்பது வயதுக் குழந்தை. கல்யாணத்துக்காக அவனும் தாய் கமலா அக்காவும் கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அந்த வீட்டு வரவேற்பறையில் பொன்னுருக்கல் நடந்தது. ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து வந்த பத்தர் தாலிக்குப் பொன்னை உருக்க, மேலே இருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கிவிட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை, அலாரமும் நிறுத்தவில்லை. மாப்பிள்ளையின் தோழன் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறிக்கொண்டிருந்தான்.

பொன்னுருக்கி விட்டால் மாப்பிள்ளைக்கு வீட்டுமறியல்தான். பெண்ணைப் பார்க்கக்கூடாது, தனியே வெளிக்கிடக்கூடாது, செத்தவீடு சுடலைப் பக்கம் தலை வைத்தும் படுக்கக்கூடாது. ஒரு நாள் போவதற்குள் ஆரூரனுக்கு விசர் பிடித்துவிட்டது. பிரவீணா எனக்குப் போன் பண்ணி, “சித்தி, அவரை எங்கயாவது கூட்டிக்கொண்டு போங்கோ. பாவம், சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்” என்றாள்.

எங்கே போகலாம் என்று அவனிடம் கேட்டால் கண் மின்னுகிறது. ஒரு பழைய கோதிக் நாவலை வைத்து எடுத்த பிரிட்டிஷ் பேய்ப்படம். பெயர் சொல்லமாட்டேன், பேய்ப்படப் பைத்தியங்களுக்குச் சொல்லாமலே தெரியும். செத்துப்போன பிரபு ஒருவர் இரவில் எழும்பி வந்து ஊரார் இரத்தத்தைக் குடிப்பார். அந்தப் படத்தைப் பன்னிரண்டு வயதிலிருந்து பார்த்துவருகிறானாம். அது எடுத்த மாளிகை ரிச்மண்ட் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கிறது, வியாழன் பின்னேரங்களில் திறந்துவிடுகிறார்கள் என்றான். அந்தப் படத்தை நானும் ஒருதரம் பார்த்திருக்கிறேன், விரல் இடுக்கால். பாதிப் படம் என் உள்ளங்கைதான். அதனால்தான் வந்தது வினை. மாளிகை, பூந்தோட்டம், தேத்தண்ணிக்கடை, நல்ல இடம்தானே என்று ஓம் சொல்லிவிட்டேன்.

கமலா அக்கா தானும் வருவதாகச் சொன்னார். சகுனம், சாத்திரம் எல்லாவற்றிலும் அவர் இம்மியும் பிசகாதவர். தூரத்துச் சொந்தத்தில் ஒரு செத்தவீடு வந்ததற்காக கல்யாண எழுத்தையே, அதாவது பதிவையே, மூன்று கிழமை தள்ளிவைத்தவர். புறப்படும்போது மகனின் சட்டைப்பையில் ஒரு இரும்பு ஆணியைப் போட்டார். காத்துக் கறுப்பு அண்டாதாம். படத்தில் அந்தப் பிரபுவுக்குப் பயந்து வெள்ளைப்பூண்டு மாலை கட்டுவார்கள், எங்களுக்கு ஆணி. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று ஆரூரன் என் காதுக்குள் சொன்னான்.

காலை 10.40க்குக் குட்மேய்ஸில் எலிசபெத் லைன். ஸ்ட்ராட்பர்டில் இறங்கி ஓவர்கிரவுண்ட் ரயில் மாறினோம். அங்கே இளஞ்சிவப்பு நிற மெஷின் ஒன்று நிற்கும், அதில் கார்டைத் தொட மறக்காதீர்கள். நகரத்தின் நடுவுக்குள் போகாமல் சுற்றிப் போகிறீர்கள் என்று அதற்குத் தெரிந்தால் காசு குறையும். ரிச்மண்ட் வரைக்கும் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. கமலா அக்கா பையிலிருந்து தட்டைவடை எடுத்து எங்கள் இருவருக்கும், எதிரே இருந்த ஒரு சைக்கிள்காரனுக்கும் கொடுத்தார். அவன் உறைப்பில் கண் கலங்கி நன்றி சொன்னான்.

ரிச்மண்டிலிருந்து பஸ், ஒரு பவுண் எழுபத்தைந்து. இறங்கி ஆற்றோரமாகப் பத்து நிமிட நடை. மாளிகை படத்தில் கறுப்பாகப் பயங்கரமாக இருக்கும், நேரில் பார்த்தால் பழுப்புச் செங்கல்லும் வெள்ளை ஜன்னலுமாகச் சாதுவாக நிற்கிறது. ஒரு பக்கத்தைப் பிளாட்டுகளாக்கி விற்றுவிட்டார்கள், பல்கனியில் யாரோ உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். நுழைவு ஆளுக்கு ஆறு பவுண். பிரபு இறங்கி வரும் மாடிப்படியில் ஆரூரன் பதினைந்து போட்டோ எடுத்தான். தாயைப் படியில் நிற்க வைத்து எடுத்த போட்டோவில் பிரபுவைவிட அவர்தான் கம்பீரம்.

பிறகு பின் கதவால் தோட்டத்துக்குப் போனோம். ரோசாப்பாத்தி, புல்வெளி, இருண்ட பச்சையில் பெரிய மரங்கள். மரங்களைத் தாண்டித் திரும்பியதும் ஒரு இரும்பு வேலி. அதற்குள் பாசி பிடித்துச் சாய்ந்து நின்ற ஏழெட்டுக் கல்லறைகள், நடுவில் கதவு வைத்த ஒரு பெரிய கல்லறை மண்டபம்.

கமலா அக்கா நின்றுவிட்டார். “இது சவக்காலையல்லோ,” என்றார். கத்தவில்லை, மெல்லத்தான் சொன்னார். மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் போய், அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

 பொன்னுருக்கிய மாப்பிள்ளையைக் கையைப் பிடித்துச் சவக்காலைக்குக் கூட்டி வந்தவள் நான்தான். எழுத்தைத் தள்ளிவைத்தவர் கல்யாணத்தையும் தள்ளச் சொன்னால்? ஆனி நடுப்பகுதி வரை வேறு முகூர்த்தம் இல்லை. கனடாவிலிருந்து வந்த சனம் வீடு முழுக்கப் பாய் விரித்துக் கிடக்கிறது. பிரவீணாவின் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? பக்கத்தில் இருந்து, மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, தெரியாமல் நடந்துவிட்டது என்று சொன்னேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“எங்களுக்குப் பொன்னுருக்கி அடுத்த நாள் ஊரில ஷெல்லடி,” என்றார். “ஓடி ஒளிக்க வேற இடமில்லை. நானும் அவரும் ஒரு இரவு முழுக்கச் சவக்காலை மதிலுக்குள்ள கிடந்தனாங்கள். இவனுக்கு ஒன்பது வயசில அவர் செத்துப்போனார். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையெண்டு எனக்குத் தெரியும், தங்கச்சி. ஆனா இரவில படுத்தா வேற மாதிரித்தான் தெரியுது.”

ஆரூரன் அந்தக் கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான் போல. தாயின் காலடியில் புல்லில் அப்படியே இருந்துவிட்டான். ஆசையாக வளர்த்த தாடி மீசையெல்லாம் எங்கே போனதோ, சின்னப் பிள்ளை முகம்.

அந்த நேரம் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர் ஒருவர் எங்களைக் கண்டு வந்தார். நெட்டையான வெள்ளைக்காரர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் தண்ணீர்ப் போத்தல். அம்மாவுக்குத் தலைசுற்றோ என்று கேட்டார். ஆரூரன் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னான். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. தண்ணீரைக் கமலா அக்காவிடம் கொடுத்துவிட்டு, இங்கே ஒருவரையும் புதைக்கவில்லை என்றார். படம் எடுத்த காலத்தில் ஊர்த் தேவாலயத்தார் தங்கள் சவக்காலையில் பேய்ப்படம் எடுக்க விடவில்லையாம். படக்காரர்கள் பின்தோட்டத்திலேயே பலகையும் சாந்தும் வைத்துக் கல்லறைகளைக் கட்டிவிட்டார்களாம். பழசு உக்கிப்போகப் போக, இவர்கள் அதே மாதிரிச் செய்து வைக்கிறார்களாம். அந்தப் பாசியில் பாதி பெயின்ட்.

நான் தமிழில் சொன்னேன். கமலா அக்கா தலையாட்டினார், நம்பவில்லை. வந்த ஆட்களை அழவிடாமல் அனுப்ப அப்படித்தான் சொல்வார்கள் என்றார். பிறகு சட்டென்று எழும்பி மகனிடம் கை நீட்டினார்.

“அந்த ஆணியைத் தா.”

மகனை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியே வேலியடிக்குப் போனார். கம்பிக்குள்ளால் கையை விட்டு, கிட்ட நின்ற கல்லறையில் ஆணியால் தட்டினார். டொக் டொக் என்றது. எங்கள் குசினியில் சட்டிபானை வைக்கும் அலுமாரிக் கதவு அதே சத்தம்தான் போடும். அடுத்ததிலும் தட்டினார், அதுவும் டொக். மூன்றாவதில் சாந்து கொஞ்சம் உதிர்ந்து, உள்ளே பிளைவூட் பலகை தெரிந்தது.  தொண்டர் பாவம், திறப்பை எடுத்துப் பெரிய கல்லறை மண்டபத்தின் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு புல்வெட்டி, சுருட்டி வைத்த ரப்பர் குழாய், இரண்டு மூட்டை எரு.

கமலா அக்கா எட்டிப் பார்த்தார். “எருவோ?” என்று கேட்டார். பிறகு சிரித்தார் பாருங்கள், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆரூரன் ஓடி வந்து தாயைக் கட்டிக்கொண்டான். உதிர்ந்த சாந்துக்காக நான் தொண்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். வருடா வருடம் மழை இதைவிடக் கூட உதிர்க்கும் என்றார்.

தேத்தண்ணிக்கடையில் ஆளுக்கொரு சீஸ் ஸ்கோன் சாப்பிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினோம். கமலா அக்கா ரயிலில் நித்திரை. நல்ல நித்திரை, வாய் திறந்து.

குட்மேய்ஸில் அவர்களின் வாடகை வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றப் போக, கமலா அக்கா நில்லுங்கள் என்றார். வழியில் மாப்பிள்ளையின் தோழனுக்குப் போன் பண்ணி ஆயத்தப்படுத்தச் சொல்லியிருக்கிறார். வாளியில் மஞ்சள் தண்ணீரும் மாவிலையும் வாசலில் இருந்தன. அதுதான் பலகையென்று கண்டுவிட்டோமே, பிறகு என்ன என்று கேட்டேன்.

“கல்லறை பொய்தான். நான் பயந்தது மெய்தானே,” என்று சொல்லி எங்கள் மூன்று பேர் தலையிலும் தெளித்தார். அதன் பிறகுதான் செருப்பைக் கழற்ற விட்டார். ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்குத் தாலி ஏறியது.

நீங்கள் போவதென்றால்: வியாழன் பின்னேரம் ஒன்றிலிருந்து ஐந்து வரைதான் திறப்பு. கிழக்கு லண்டனிலிருந்து போக இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். வெள்ளம் ஏறினால் ஆற்றோரப் பாதையில் தண்ணீர் நிற்கும், நல்ல சப்பாத்துப் போடுங்கள், சேலைக்காரர் கவனம். கழிவறை தேத்தண்ணிக்கடைப் பக்கம் மட்டும். முக்கியமாக, முதலில் படத்தை முழுக்கப் பாருங்கள், என்னைப் போல விரல் இடுக்கால் பார்த்துவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கல்யாணத்தின் நாலாம் நாள் சடங்கு முடிந்த பின்னேரம் கமலா அக்காவே கேட்டு எங்கள் வீட்டில் அந்தப் படத்தைப் போட்டோம். நான் வழக்கம் போலக் கையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் கண் வெட்டாமல் பார்த்தார். கல்லறைக் காட்சி வந்ததும் “எரு மூட்டை” என்று சொல்லிச் சிரித்தார். கடைசியில் பிரபு சாம்பலாகிக் காற்றில் பறந்தபோது ஒரு பெருமூச்சு விட்டார்.

“பாவம் அந்த மனுசன்,” என்றார். “செத்து முப்பத்தோராம் நாள் ஆராவது ஒழுங்கா அந்தியேட்டிக் கிரியை செய்திருந்தா, இப்பிடி இரவிரவா எழும்பித் திரிஞ்சிருக்க மாட்டார்.”