தீபாவளிக்கு முன் கட்டிய சுவர்கள்

சுவர் நேராக நின்றால் பெயிண்டு அடித்தவருக்குப் பேர். கோணிவிட்டால் கட்டியவருக்குப் பேர்: எங்கள் தொழிலின் சட்டம் இவ்வளவுதான். கொத்துக்கரண்டி பிடித்துக் கை காய்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டைக் கொஞ்சம் மாற்றலாம் என்று ஆசைப்பட்டு ஆறு மாதம் தூசியோடு சோறு தின்றவர்களுக்கும்தான்.

எங்கள் கம்பெனியில் மொத்தம் இரண்டு பேர். அண்ணன் சேகர் கல் அடுக்குவான், பூச்சு போடுவான். நான் மீனா. தொழிற்கல்லூரியில் கட்டுமானம் படித்தவள். அளவெடுப்பேன், நூல் பிடிப்பேன், கலவை குழைப்பேன், அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் கல்லும் வைப்பேன். என் குரல் மட்டும் மெல்லிசு. கலவை இயந்திரம் ஓடும்போது நான் பேசினால் எனக்கே கேட்காது.

தாத்தா ஒரு கதையை ஆரம்பித்தால் யாருக்கு என்ன ஆபத்து என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார். அப்போதுதான் கேட்கிறவர் தூங்கமாட்டார் என்பார். நானும் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்குச் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை தயாராக இருந்தது. "தீபாவளி வரைக்கும் பாப்போம். ஆளுங்க நம்மள நம்பி வந்தா இங்கேயே இருப்போம். இல்லன்னா நான் கெளம்புறேன்" என்று சொல்லிவிட்டான். அவன் போனால் எங்கள் ஊர் ஈப்போவில் கம்பெனி என்று மிஞ்சுவது நானும் ஒரு பழைய லோரியும் சுவரின் நேர் பார்க்கிற ஒரு ரசமட்டமும்தான். அந்த வருஷத்துச் சுவர்கள்தான் இவை.

தட்டிப் பார்க்கிற அங்கிள்

முதல் வேலை ஈப்போவில் ஒரு மாடி வீடு. மேல் அறையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதே அறையில் மகன் இரவு பகலாக டிவி பார்க்கிறார், வீட்டுக்கார அங்கிளுக்குத் தூக்கம் இல்லை. கீழே தாங்குவதற்கு பீம் இல்லாத இடத்தில் செங்கல் சுவர் எழுப்பினால் தரைக்குப் பாரம். அதனால் நுரைக்கல் வைத்தோம். சிமெண்டுக்குள் காற்றுக் குமிழி ஏற்றி ஆவியில் வேகவைத்துச் செய்கிற வெள்ளைக் கல் அது. ரம்பத்தால் ரொட்டி மாதிரி அறுக்கலாம்.

அங்கிள் வந்தார். விரலை மடக்கித் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினார். "உள்ள காலியா இருக்கு" என்றார். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: பலாப்பழத்தையும் தட்டித்தான் வாங்குவார்கள், சுவரையும் தட்டித்தான் ஏற்றுக்கொள்வார்கள். காற்றும் கல்லில் ஒரு சரக்குதான் என்று நான் விளக்கினேன். அவருக்குப் பாதி கேட்கவில்லை, கேட்ட பாதியை அவர் நம்பவில்லை. சரி, எவ்வளவு இலேசான கல் என்று கண்ணால் காட்டுவோம் என்று மிச்சத் துண்டு ஒன்றைத் தண்ணீர் வாளியில் போட்டேன். அது மிதந்தது. படித்த படிப்பெல்லாம் அந்த வாளியிலேயே போனது. "கட்டை மாதிரி மெதக்குற கல்ல வச்சா எனக்குச் சுவரு கட்டுனீங்க?" என்று கத்தி வீட்டையே கூட்டிவிட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் சிங்கப்பூர் தெரிந்தது. பூச்செல்லாம் முடித்து, ஒரு வாரம் கழித்து மிச்சக் காசு வாங்கப் போய் நின்றோம். அங்கிள் வாசலிலேயே எங்களை நிறுத்தினார். "இன்னமும் சொல்றேன், அது கல்லே இல்ல. ஆனா எம்மவன் டிவி சத்தம் இப்ப எனக்கு வர்றதில்ல, அதுவே போதும்லா."

குளிக்கிற செங்கல்

சுட்ட செங்கல்லை அடுக்குவதற்கு முன் நனைக்க வேண்டும். காய்ந்த கல் கலவையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், அப்புறம் பிடிப்பு இருக்காது. ஒரு வீட்டில் நான் தினமும் காலையிலேயே ரப்பர் குழாயைப் பிடித்துக் கல் குவியலை நனைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார ஆண்டி கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக மூன்று நாள் பார்த்தார். நாலாவது நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏம்மா, எம்பையனத் துண்டக் கொடுத்து வெரட்டுனாத்தான் குளிப்பான். இந்தக் கல்லுக்கு மட்டும் காலையிலயே என்ன குளியலு?"

முருகன் கேட்ட சுவர்

அடுத்தது அடுக்குமாடி வீடு. வீட்டுக்கார ஆச்சி பல் டாக்டர். செட்டிநாட்டுப் பெரிய வீட்டிலிருந்து அவர் குடும்பத்துக்கு வந்த முருகன் படம் ஒன்று இருந்தது. தேக்குச் சட்டம், கனமான கண்ணாடி. தூக்குவதற்கே இரண்டு ஆள் வேண்டும். அதை மாட்டுவதுதான் வேலை. அண்ணன் ஆணியும் துளைக்கருவியுமாக வந்தான். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்பது அவன் திட்டம்.

ஹாலில் நாலு பக்கம். ஒன்று முழுக்க ஜன்னல். ஒன்று செங்கல், ஆனால் அதற்கு அந்தப் பக்கம் குளியலறை, சாமி மாட்டக்கூடாது. இன்னொன்றும் செங்கல்தான், மாட்டினால் முருகன் தெற்கே பார்ப்பார், ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. கிழக்கே பார்க்கிற மாதிரி மிஞ்சியது ஒரே ஒரு சுவர். தட்டினேன். அது சுவரே இல்லை. தகரச் சட்டத்தின் இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை அடித்த தடுப்பு. அதில் அந்தப் படத்தை மாட்டினால் முருகன் மயில் இல்லாமலேயே கீழே இறங்கிவிடுவார்.

"முடியாதுன்னு சொல்லிட்டுப் போலாம்" என்றான் அண்ணன். எனக்கு மனசு கேட்கவில்லை. படம் வருகிற இடத்தில் மட்டும் பலகையை அறுத்துத் திறந்தோம். உள்ளே தரையில் நிற்கிற மாதிரி இரண்டு கட்டையை நிறுத்தி, குறுக்கே தடித்த பலகை ஒன்றைத் திருகி, மறுபடி மூடிப் பூசினோம். பாரமெல்லாம் இப்போது தரைக்குப் போய்விடும். ஜிப்சம் அட்டைக்கு வேலை சும்மா மறைப்பதுதான். முழு நாள் ஆயிற்று. படத்தை மாட்டிவிட்டு, அண்ணன் சட்டத்தைப் பிடித்துத் தன் முழு பலத்தோடு கீழே இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. சுவரில் எங்கே திறந்தோம் என்பது எங்களுக்கே தெரியவில்லை. ஆச்சி விளக்கேற்றிவிட்டுத் திரும்பினார். "வீட்டுல ரெண்டு சுவரு செங்கல்லு, ஒண்ணு அட்டை. அப்பச்சி காலத்துல இருந்து இந்த முருகன் இப்படித்தான், கஷ்டமானதத்தான் கேப்பாரு."

கூரை உட்கார்ந்த சுவர்

சிம்பாங் பூலாயில் தாஸ் அங்கிள் வீடு. லோரி வைத்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட வேண்டும். பழைய வீடு. அந்தச் சுவரின் கனத்தை அளந்தேன்: ஒன்பது இஞ்ச். வெறும் தடுப்பாக இருந்தால் நாலரை இஞ்ச் போதும், யாரும் கல்லை வீணாக்க மாட்டார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. ஏணி போட்டு மேல் பலகையைத் தள்ளிவிட்டுத் தலையை நுழைத்தேன். கூரையின் பெரிய மரங்கள் நாலும் வந்து அந்தச் சுவரின் தலையில்தான் உட்கார்ந்திருந்தன.

இறங்கிவந்து சொன்னேன்: "இந்தச் சுவரு மேலதான் அங்கிள் கூரை உக்காந்திருக்கு."

"கூரை நல்லா உக்காரட்டும். வர்றவங்க எங்க உக்கார்றது?"

இரும்பு பீம் போட்டுத் தாங்கலாம், அதற்கு இஞ்சினியர் வந்து பார்க்க வேண்டும், நாளாகும் என்றேன். வேறு ஒருவர் ஒரே நாளில் இடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். "அப்படின்னா அவரு இடிக்கிற அன்னைக்கு நீங்க யாரும் உள்ள நிக்காதீங்க" என்றேன். அங்கிள் முகம் சுருங்கிவிட்டது. தேத்தண்ணியைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பினோம். எனக்குப் பயம் இல்லை, உள்ளுக்குள் ஒரு நிமிர்வுதான் இருந்தது. நாலாவது சிக்னல் விளக்கில் அண்ணன் லோரியை நிறுத்தினான். என் பக்கம் திரும்பிச் சொன்னான்: "நீ வாயில்லாதவள்னு ஊரே சொல்லுது. வாயத் தொறந்த அன்னைக்கே ஒரு வேலையக் காலி பண்ணிட்ட."

பாம்புக்கு வலை

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது சுங்கை சிப்புட்டிலிருந்து புஷ்பாக்கா கூப்பிட்டார். பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துகிறவர். தாஸ் அங்கிளின் கொழுந்தியாள். ஒரே நாளில் இடிக்கிறேன் என்ற அந்த ஆளும் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு ஓடிப்போனாராம். "வந்த வேலைய வேணாம்னு சொன்ன பொண்ணு யாருன்னு கேட்டேன், உன் நம்பரக் கொடுத்தாரு" என்றார் அக்கா. முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டமாகிவிட்ட மேட்டை வெட்டி, அதன் ஓரத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகள். அக்காவின் சமையலறைக்குப் பின்னால் செம்மண் மேடு. ஒவ்வொரு மழைக்கும் மண் சரிந்து வந்து சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றது. சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல்.

மண்ணைத் தாங்க மார்பளவு உயரத்தில் ஒரு சுவர் வேண்டும். அகலமான அடித்தளம் போட்டு, நடுவில் துளை உள்ள சிமெண்டுக் கல் அடுக்கி, துளைக்குள் கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்பினோம். "இதுக்கு மேல என்ன?" என்றான் அண்ணன். மண்ணைவிட மண்ணுக்குள் தேங்குகிற தண்ணீர்தான் சுவரைத் தள்ளும். அதனால் பின்பக்கம் உடைகல்லைக் கொட்டி, அடியில் ஆறு இடத்தில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வைத்துத் தண்ணீருக்கு வழி விட்டேன். ஒவ்வொரு குழாய்க்கும் மூலையிலிருந்து எத்தனை அடி என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. அவ்வளவு நேரான சுவரை நாங்கள் அதுவரை எழுப்பியதில்லை. அக்கா வந்து பார்த்து, "புதுச் சுவத்துல ஓட்டையா? பாம்பு வரும்லா" என்றார். பின்பக்கம் வலை கட்டியிருக்கிறேன் என்றேன். அக்கா திருப்தியில்லாமல் தலையாட்டினார். "பாம்புக்கு வலை கட்டிட்ட. தீபாவளிக்கு எங்கண்ணி வந்து பாத்துட்டு ஊரு பூராப் பேசுவாங்களே, அந்த வாய்க்கு எதக் கட்டுறது?"

மஞ்சள் பூசிய சுவர்

தீபாவளிக்கு மூன்று நாள். கையில் அடுத்த வேலை எதுவும் இல்லை. அண்ணன் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டான். அப்போதுதான் அக்காவிடமிருந்து போட்டோ வந்தது. சுவர் முழுக்க மஞ்சள் பெயிண்டு, மேலே ஒரு வரிசைப் பூத்தொட்டி. 'எப்படி இருக்கு?' என்று கேட்டிருந்தார். அழகாகத்தான் இருந்தது. குழாய்களை எண்ணினேன். ஒன்றுகூட இல்லை. சுங்கை சிப்புட்டில் இரண்டு நாளாக மழை.

அண்ணனிடம் போனை நீட்டினேன். அவன் பார்த்த உடனே லோரிச் சாவியை எடுத்தான். போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. மலைப்பக்கம் மட்டும் கறுத்துக்கொண்டு வந்தது. சுவரின் மேல் விளிம்புவரை ஈரம் ஏறி, பெயிண்டு கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. அக்கா முறுக்கு மாவுக் கையோடு ஓடிவந்தார். "பழுப்புத் தண்ணி வடிஞ்சு பெயிண்டெல்லாம் கோடு கோடா ஆயிடுச்சு மீனா. அண்ணி வாராங்க. அதான் ஓட்டையெல்லாம் சிமெண்டு வச்சு அடைச்சு, மறுபடி பெயிண்டு அடிச்சிட்டேன்." சுவர் சரிந்தால் சமையலறைப் பக்கம்தான் சரியும், அதனால் அடுப்பை அணைத்துவிட்டு முன்வாசலுக்குப் போகச் சொன்னேன்.

நோட்டைப் பிரித்து, நாடாவால் அளந்து, பென்சிலால் ஆறு புள்ளி வைத்தேன். அண்ணன் உளியை வைத்து அடித்தான். முதல் புள்ளியில் வெறும் தூள். ஒரு விரற்கடை ஆழம் போனதும் தண்ணீர் பீறிட்டு அவன் சட்டையெல்லாம் செம்மண்ணாக்கியது. இரண்டு, மூன்று என்று ஆறும் திறந்தன. அரை மணி நேரம் ஓயாமல் கொட்டியது. அவ்வளவு தண்ணீரை அந்தச் சுவர் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது! ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவிலேயே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிமெண்டுத் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

நாலு மணிக்கு அடித்துப் பெய்தது. சமையலறைக் கூரையோரம் நின்று முறுக்குத் தின்றபடி பார்த்தோம். மேட்டிலிருந்து வந்த தண்ணீரெல்லாம் ஆறு குழாயிலும் இறங்கியது. மண் ஒரு பிடிகூட இந்தப் பக்கம் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு வீட்டுக்காரர்கள் குடையோடு நின்று, தங்கள் சமையலறையையும் இந்தச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "எங்களுக்கும் இதே மாதிரி ஓட்டையோட கட்டித் தருவீங்களா தங்கச்சி?" என்று அங்கிருந்தே கேட்டார்கள். அண்ணன் ஈரச் சட்டையோடு போனை எடுத்து, சிங்கப்பூர் வேலையைப் பிடித்துக்கொடுத்த கூட்டாளியைக் கூப்பிட்டான். "இல்ல மச்சான், நான் வரல. இங்க ரெண்டு வீட்டு மண்ணு சாயப் பாக்குது, அத விட்டுட்டு எப்படி வர்றது?"

நான் இதுவரை கட்டியதிலேயே குறையே சொல்ல முடியாத சுவர் எதுவென்று யாராவது கேட்டால், சுங்கை சிப்புட்டில் ஆறு ஓட்டையும் பழுப்புக் கோடுமாக நிற்கிற அந்த மஞ்சள் சுவரைத்தான் காட்டுவேன்.